வராத மாதங்கள்

எங்கள் சைட்டில் டவர் கிரேன் ஓட்டுகிறவளை எல்லோரும் மேலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இன்ஜினியரிலிருந்து செங்கல் அடுக்குகிறவர் வரைக்கும் அப்படித்தான். அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. நான் அவளுக்கு நேர் கீழே, தரையில் நிற்கிறவள். கையில் வாக்கி டாக்கியை வைத்துக்கொண்டு, எந்தச் சுமையை எங்கே தூக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும், யார் தலைக்கு மேல் போகக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கேபினிலிருந்து பார்த்தால் அவளுக்குப் பாதி இடம் தெரியாது. அந்தப் பாதிக்கு நான்தான் கண். அதனால் எனக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறாள், கீழ. "சொல்லு கீழ" என்பாள். "இன்னும் கொஞ்சம் எறக்குக்கா" என்பேன். என் வீட்டுக்காரரோடு ஒரு வாரத்தில் பேசுவதை அவளோடு ஒரு காலையில் பேசி முடித்துவிடுவேன்.

அவள் கிரேனுக்கு வந்ததே ஒரு கூத்து. முதலில் அவளும் நானும் சிமென்ட் சட்டி தூக்கிக்கொண்டிருந்தவர்கள்தான். பழைய ஆபரேட்டர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். யாராவது கற்றுக்கொள்ளத் தயாரா என்று மேனேஜர் கேட்டபோது, மீசை வைத்தவர்கள் எல்லாம் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுத் தங்கள் செருப்பைப் பார்க்க ஆரம்பித்தார்கள். "நான் போறேன் சார்" என்று இவள் சட்டியைக் கீழே வைத்தாள். பயிற்சிக்கு அனுப்பினார்கள், லைசென்சோடு திரும்பி வந்தாள். உயரம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. பயந்ததெல்லாம் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். ஆஸ்பத்திரி. மருந்து வாசனை மூக்கில் பட்டாலே அவளுக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். எனக்கு நேர்மாறு. ஆஸ்பத்திரியில் பாய் போட்டுத் தூங்கச் சொன்னாலும் தூங்குவேன், கிரேன் ஏணியில் இடையிடையே நிற்கப் போட்டிருக்கிற தட்டுகளில் முதல் தட்டைத் தாண்ட மாட்டேன்.

அந்தக் கேபின் ஒரு குளியலறை அளவுதான் இருக்கும், சுற்றிலும் கண்ணாடி. காலையில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் இறங்க முடியும். ஒன்றுக்குப் போக வேண்டும் என்றால் ஆண்கள் பாட்டிலை வைத்துச் சமாளித்துவிடுவார்கள். இவள் என்ன செய்வாள்? மதியம் வரைக்கும் தண்ணீரே குடிக்க மாட்டாள். மாதவிலக்கு நாட்களில் கேட்கவே வேண்டாம். கறுப்புப் பேன்ட், கறுப்புப் பையில் மாற்றுத்துணி, அத்தனை தட்டு ஏறும்போதும் கீழே நிற்கிற ஆம்பிளைகளின் கண். அந்த நாட்களில் வாக்கி டாக்கியில் அவள் குரல் கடுகடுவென்று இருக்கும். "எறக்கணுமா வேணாமா, ஒண்ணு சொல்லித் தொலைடி" என்பாள். நான் புரிந்துகொண்டு வாயை மூடிக்கொள்வேன்.

அப்படி எரிந்து விழுவது எப்போது நின்றது என்று எனக்கே தெரியாது. ஒருநாள் மதியம் சாப்பிடும்போதுதான் கேட்டேன்.

"ரொம்ப நாளா நல்ல மூடுல இருக்கியே, என்னக்கா விஷயம்?"

"எனக்கு இப்பல்லாம் வர்றதே இல்லடி" என்றாள், சோற்றைப் பிசைந்துகொண்டே. "முன்னாடி ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை தலையக் காட்டும். இப்ப அதுவும் இல்ல."

"விசேஷமாக்கா?"

"வாயக் கழுவு. டெஸ்ட் பண்ணிப் பார்த்தாச்சு, ஒரு கோடுதான். கல்யாணமான புதுசுலயே எனக்கு இப்படித்தான். நீர்க்கட்டின்னு சொல்லி மாத்திரை குடுத்தாங்க. தின்னேன், சின்னது பொறந்தா. அதோட அந்தக் கதை முடிஞ்சுது. இனி வந்தா என்ன, வராட்டி என்ன? விட்டுது சனியன்."

"குடுத்து வச்சவக்கா நீ" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். எங்களைப் போல வெட்டவெளியில் வேலை செய்கிற பெண்களுக்கு அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் எது என்று யாராவது சொல்லட்டும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கலவைக்காரி வாய்விட்டே பொறாமைப்பட்டாள்.

சின்னது என்பது அவள் ஒரே மகள். பத்தாவது படிக்கிறாள், அம்மாவை விட உயரம், ஆனாலும் பெயர் மட்டும் மாறவில்லை. வீட்டுக்காரர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். பள்ளிப் பிள்ளைகளே அவரை மிரட்டும்.

அவள் உடம்பில் மாற்றங்கள் இல்லாமல் இல்லை. எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரு பதில் தயாராக இருந்தது, அவ்வளவுதான். இடுப்பு பெருத்தது. உட்கார்ந்தே செய்கிற வேலை, பெருக்காமல் என்ன செய்யும் என்றோம். கழுத்துப் பின்பக்கம் கருகருவென்று அழுக்குப் படிந்த மாதிரி ஆனது. கண்ணாடிக் கூண்டில் வெயில் என்றோம். முகவாயில் முடி முளைத்தது. கேபினில் ஒரு சின்னக் கண்ணாடி வைத்து, வேலை இல்லாத நேரத்தில் ஒவ்வொன்றாகப் பிடுங்குவாள். "ஆம்பிளை வேலை பார்த்தா ஆம்பிளை மாதிரிதான் முளைக்கும்" என்று அவளே சிரிப்பாள். நாங்களும் சிரித்தோம்.

அன்றைக்குக் கம்பிக் கட்டு ஏற்றிக்கொண்டிருந்தோம். காற்று இல்லாத நல்ல காலை. கட்டு பாதி உயரம் போயிருக்கும், வாக்கி டாக்கியில் சத்தமே இல்லை. "அக்கா, இடப்பக்கம்" என்றேன். பதில் வரவில்லை. கட்டு அப்படியே அந்தரத்தில் நின்றது.

"அக்கா?"

"கீழ." குரல் அவளுடையது மாதிரியே இல்லை, வெறும் காற்றாக வந்தது. "எல்லாரையும் தள்ளிப் போகச் சொல்லு. கட்டைக் கீழ எறக்கிடறேன்."

"என்னாச்சு?"

"தள்ளிப் போகச் சொல்லுடி."

விசிலை ஊதி எல்லோரையும் விரட்டினேன். அந்தக் கம்பிக் கட்டை அவள் இறக்கிய விதத்தை நான் மறக்க மாட்டேன். தூங்குகிற குழந்தையைப் படுக்கையில் கிடத்துவது போல, ஒரு சத்தமும் இல்லாமல் தரையில் வைத்தாள். கொக்கியைக் கழற்றச் சொன்னாள், கொக்கியை மேலே ஏற்றி நிறுத்தினாள், இன்ஜினை அணைத்தாள். அத்தனையும் செய்த பிறகுதான் சொன்னாள்.

"ரத்தமா போகுதுடி. குழாயத் தொறந்துவிட்ட மாதிரி. எனக்குக் கண்ண இருட்டுது. நான் செத்துடுவேனாடி?"

வாக்கி டாக்கி வைத்திருந்த எல்லோருக்கும் அது கேட்டது. சூப்பர்வைசர் ஆம்புலன்சுக்கு போன் போட்டார். இரண்டு பையன்கள் ஏறப் போனார்கள். "ஆம்பிளைங்க யாரும் வராதீங்க" என்றாள் அவள். சாகிற பயத்திலும் அது போகவில்லை, பாருங்கள்.

நான் ஏறினேன். எப்படி ஏறினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கம்பியைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. கால் உதறியது, ஏணி உதறுகிறது என்று நினைத்துக்கொண்டேன். பாதி வழியில் என் கைக்கு மேலே உள்ள படியில் சிவப்பாக ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. அவளும் இறங்கிக்கொண்டிருந்தாள். நடுத்தட்டில் என் மேலேயே சரிந்து உட்கார்ந்தாள். முகம் சுண்ணாம்பு. என் மேல்சட்டையைக் கழற்றி அவள் இடுப்பில் கட்டினேன். அவளைக் கீழே கொண்டுபோய்ச் சேர்க்கும் வரை, "கால வை, கால வை, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவளுக்கு நான் தினமும் சொல்கிற அதே பேச்சுதான். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள், ரத்தப்போக்கு நிற்பதற்கு ஊசி போட்டார்கள். அவள் கண்ணை இறுக மூடி என் விரலை நசுக்கினாள். மாலையில் ஒரு பெண் டாக்டர் வந்தார். நின்று பேச நேரமில்லாத முகம், ஆனால் உட்கார்ந்துதான் பேசினார்.

"இதுக்கு முன்னாடி கடைசியா எப்ப வந்துச்சு?"

"ரெண்டு மாசம் இருக்கும்" என்றாள் மேலக்கா.

"பொய் டாக்டர்" என்றேன். "வருஷம் ஆகப் போகுது."

அவள் படுத்தபடியே என்னை முறைத்தாள். முறைத்தால் முறைக்கட்டும். டாக்டர் அவள் முகவாயைப் பார்த்தார், கழுத்தைத் திருப்பிப் பார்த்தார், நீர்க்கட்டி என்று முன்பு யாராவது சொன்னார்களா என்று கேட்டார். மேலக்கா அந்தப் பழைய மாத்திரைக் கதையைச் சொன்னாள்.

"ஏன் நிறுத்துனீங்க?"

"அதான் குழந்தை பொறந்துடுச்சே."

டாக்டர் பேனாவை மூடினார். "உங்க உடம்பு குழந்தை பெத்ததோட முடிஞ்சு போச்சாம்மா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, அலுத்துப்போய்க் கேட்டார். எங்களைப் போல எத்தனை பேரைப் பார்த்தாரோ.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். அந்தக் கட்டிகள் வெட்டி எடுக்கிற கட்டிகளே இல்லையாம். மாதாமாதம் ஒரு முட்டை முதிர்ந்து வெளியே வர வேண்டும். ஹார்மோன் தாறுமாறாக இருப்பதால் அவை முதிராமல் பாதியிலேயே சின்னச் சின்னக் கொப்புளமாக நின்றுவிடுகின்றன. கழுத்துக் கறுப்பு, இடுப்புச் சதை, முகவாய் முடி எல்லாம் அந்த ஒரே கோளாறின் கைவேலைதான். சர்க்கரையும் அதே வழியில் வரும். நாங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

முட்டை வராவிட்டாலும் கர்ப்பப்பையின் உள்பக்கத்தில் சுவர் பூசுகிற வேலை மட்டும் நடந்துகொண்டே இருக்குமாம். மாதவிலக்கு என்பது அந்தப் பூச்சு உதிர்வது. உதிரவே இல்லை என்றால்? பூச்சு மேல் பூச்சு. பழைய பூச்சைச் சுரண்டாமல் அதன் மேலேயே பூசினால் என்ன ஆகும் என்று எந்தக் கொத்தனாரைக் கேட்டாலும் சொல்வார். ஒருநாள் மொத்தமாகப் பெயர்ந்து விழும். அன்றைக்குக் கேபினில் விழுந்தது அதுதான்.

"அது மட்டும் இல்ல" என்றார் டாக்டர். "ரொம்ப நாள் அப்படியே விட்டா, அந்தப் பூச்சுல இருக்கற செல்லு கெட்டுப் போகலாம். ஸ்கேன்ல உங்களுக்கு ரொம்பத் தடிமனா இருக்கு. கொஞ்சம் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும்."

"கெட்டுப் போறதுன்னா?" என்று மேலக்கா கேட்டாள்.

"புற்றுநோயா இருக்கான்னு பார்க்கணும். இருக்குன்னு சொல்லல. பார்க்கணும்."

பஸ்ஸை விட்டுவிட்டு ஓடி வந்திருந்த அவள் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

டெஸ்ட் முடிவு வரும் வரைக்குமான நாட்களைப் பற்றி என்ன எழுதுவது? சாப்பாடு இறங்கவில்லை. கிரேனில் மாற்று ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நல்ல வேலைக்காரர்தான், ஆனால் "ஓகே, ஓவர்" தவிர வாயைத் திறக்க மாட்டார். நான் சாயங்காலம் வேலை முடிந்ததும் நேராக மேலக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். வீட்டுக்காரர் துடைத்த தரையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருப்பார். எதற்கெடுத்தாலும் பெரிதாகச் சிரிப்பார். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு காலி பஸ்ஸில் உட்கார்ந்து அழுகிறார் என்று பள்ளிக்கூட ஆயா என்னிடம் சொன்னாள். சின்னது எல்லோரையும் மாறி மாறிப் பார்ப்பாள். அம்மாவுக்கு ரத்தம் குறைந்துவிட்டது என்று மட்டும்தான் அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

மேலக்கா ஜன்னலோரமே உட்கார்ந்திருப்பாள்.

"அங்க மேல எனக்கு ஒரு பயமும் இல்லடி" என்றாள் ஒருநாள். "எந்த லிவரப் பிடிச்சா எது நிக்கும்னு தெரியும். காத்து அடிச்சா என்ன பண்ணணும்னு தெரியும். இங்க எதப் பிடிக்கறது சொல்லு. என் உடம்புக்குள்ளேயே எனக்குத் தெரியாம வேலை நடந்திருக்கு. எனக்குக் கைகால் எல்லாம் நடுங்குதுடி."

"ஒண்ணும் இருக்காதுக்கா."

"இருந்தா?"

எனக்கும் அதே பயம்தான். இரவில் கண்ணை மூடினால் அந்த ஏணிப்படியும் அந்தச் சிவப்புச் சொட்டும்தான் வந்தன.

முடிவு வந்த அன்று மதியம் மேலக்கா, வீட்டுக்காரர், நான் மூவரும் போனோம். டாக்டர் தாளைப் படித்து முடிப்பதற்குள் மேலக்கா கைப்பையின் காதைத் திருகித் திருகிப் பிய்த்தே விட்டாள்.

"புற்றுநோய் இல்ல" என்றார் டாக்டர்.

வீட்டுக்காரர் அங்கேயே முகத்தைப் பொத்திக்கொண்டார். ஆனால் டாக்டர் பேசி முடிக்கவில்லை. பூச்சு தடித்திருக்கிறது, செல் இன்னும் கெடவில்லை. இப்படியே இன்னும் சில வருஷம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது. மாத்திரை தருகிறேன், அதை விடாமல் சாப்பிட வேண்டும், சில மாதம் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். சர்க்கரை விளிம்பில் நிற்கிறது, நடக்க வேண்டும், எடை குறைய வேண்டும்.

"அப்புறம் சரியாயிடுமா?"

"கட்டுப்பாட்டுல வச்சுக்கலாம். ஒருதடவை மருந்து சாப்பிட்டு மறந்துடற விஷயம் இல்ல இது. மூணு மாசத்துக்கு மேல வரலைன்னா பேசாம இருக்காதீங்க. வந்து சொல்லுங்க, அவ்வளவுதான் நான் கேக்கறது."

எழுந்துகொள்ளும்போது டாக்டர் சாதாரணமாகக் கேட்டார். "பொண்ணு இருக்கால்ல? இது அம்மாவுக்கு இருந்தா பொண்ணுக்கும் இருக்கலாம். வயசுக்கு வந்து சில வருஷம் ஆகியும் மாசக்கணக்குல வராம இருந்தா கூட்டிட்டு வாங்க."

"அவளுக்கு அதெல்லாம் ஒழுங்கா வருது டாக்டர்" என்றாள் மேலக்கா, சட்டென்று.

ஆட்டோவில் வரும்போது வீட்டுக்காரர் வாயெல்லாம் பல்லாக இருந்தார். தன் தங்கைக்கு போன் போட்டு "தப்பிச்சோம்" என்றார். மேலக்கா மட்டும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில் என் காதோரம் குனிந்து, "கீழ, நான் அவகிட்ட அதைப் பத்திக் கேட்டதே இல்லடி" என்றாள். "காலைல அவ எந்திரிக்கறதுக்கு முன்னாடி நான் கேபின்ல இருப்பேன். டாக்டர்கிட்ட எந்த வாயால சொன்னேன்னு தெரியல."

வீட்டுக்குள் நுழையும்போது சின்னது பள்ளியிலிருந்து வந்து யூனிபார்மோடு படுத்து போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு உயிர் வந்தது. எழுந்து உட்கார்ந்தாள். மேலக்கா பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"சின்னது, உனக்குக் கடைசியா எப்ப வந்துச்சு?"

"என்னது?" என்றாள். பிறகு அப்பாவைப் பார்த்து முகம் சிவந்தாள். அவர் பேசாமல் சமையலறைக்குள் போய்விட்டார்.

"அதான். போன மாசம் வந்துச்சா?"

"இல்ல."

"அதுக்கு முந்தின மாசம்?"

சின்னது போனைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தாள். "பரீட்சைக்கு முன்னாடி வந்துச்சும்மா. ஒன்பதாவது பரீட்சை."

இந்த வருஷத்துப் பள்ளிக்கூடம் பாதி ஓடி முடிந்திருந்தது.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"இதுல சொல்ல என்னம்மா இருக்கு?" அவள் நிஜமாகவே புரியாமல் கேட்டாள். "உனக்கு வராதப்ப நீ எவ்வளவு சந்தோஷமா இருந்த. எனக்கும் உன்ன மாதிரியே ஆயிடுச்சுன்னு நானும் சந்தோஷப்பட்டேன்."

மேலக்கா மகளின் கன்னத்தைப் பிடித்தாள். முகவாயை வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள். கழுத்துப் பின்னலை ஒதுக்கிப் பார்த்தாள். அங்கே என்ன பார்த்தாள் என்று நான் கேட்கவில்லை. அவள் விரல்கள் நடுங்கியதை மட்டும் பார்த்தேன். சின்னதும் பார்த்தாள்.

"என்னம்மா? நீ ஏன் இப்படிப் பயப்படற?"

பயப்படவில்லை என்று சொல்வாள் என்று நினைத்தேன். எல்லா அம்மாவும் அதைத்தானே சொல்வார்கள்.

"ஆமாடி, பயமாத்தான் இருக்கு" என்றாள் மேலக்கா. "செருப்பப் போடு. டாக்டர் இன்னும் அங்கதான் இருப்பாங்க."